வேனுக்குள் ஒரு வீடு

வேனையே வீடாக்கிக்கொண்டவர்களில் ஆந்திராவில் மிகப் பிரபலமானவர் என்.டி. ராமராவ். 1982-ல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கியவர், ஒரு பழைய செவர்லே வேனை மாற்றியமைத்து, 'சைதன்ய ரதம்' என்று பெயரிட்டு, மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, மாநிலம் முழுக்கச் சுற்றினார். மேலே நின்று பேசினார், உள்ளே படுத்தார். 1983 ஜனவரித் தேர்தலில் குடிவாடா, திருப்பதி இரண்டு தொகுதிகளிலும் ஜெயித்து முதல்வரானார். அந்த வண்டியை நேரில் பார்த்தவர்கள் இந்தப் பக்கம் இன்னமும் இருக்கிறார்கள். சித்தூரில் ஒரு பட்டறைக்குப் போய், வேனுக்குள் கட்டில் போட வேண்டும் என்று சொன்னபோது மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி: "என்ன சார், எலக்ஷன்ல நிக்கிறீங்களா?"

எனக்கு அந்த உத்தேசம் இல்லை. பணி ஓய்வு பெற்றாயிற்று. எட்டு வயதான ஒரு வேன் மலிவாகக் கிடைத்தது. மனைவி, மைத்துனர் குடும்பம் என்று ஆறு பேர், லாட்ஜ் தேடாமல் ஊர் ஊராகப் போகலாம் என்று ஆசை. மூன்று வாரத்தில் உள்ளே ஒரு வீடு எழும்பிவிட்டது. அதில் நான் செய்த தவறுகள் ஐந்து. ஒவ்வொன்றும் மற்றவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் தவறு, எடை. வீடு கட்டுகிறவன் எடையைப் பற்றி யோசிப்பதில்லை, பூமி தாங்கிக்கொள்ளும். வண்டி தாங்காது. ஆர்.சி. புத்தகத்தில் வெறும் வண்டியின் எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் ஏற்றக்கூடியது. என் வேனுக்கு அது 900 கிலோவுக்குச் சற்றுக் கீழே. நான் ஏற்றியது என்ன? எட்டுக்கு நாலு பிளைவுட், முக்கால் அங்குல கனத்தில், ஒரு பலகை 30 கிலோவுக்கு மேல், பத்துப் பலகை. 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதாவது 200 கிலோ. பெரிய இன்வர்ட்டர் பேட்டரி இரண்டு, 100 கிலோவுக்கு மேல். ஆறு ஆட்களும் மூட்டைகளும் 450 கிலோ. வெறும் கூட்டல் கணக்கு. அதை நான் பலகை வாங்குவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு, அந்த எடையை வைத்த இடம். தொட்டிக்கு வசதியான மூலை பின்பக்கக் கோடியில் இருந்தது. பின் சக்கரத்துக்கும் பின்னால் பாரம் வைத்தால் தராசுத் தட்டு மாதிரி முன்பக்கம் லேசாகிவிடும். ஸ்டியரிங் கேட்கும் முன்சக்கரம்தான் ரோட்டை அழுத்திப் பிடிக்க வேண்டியது. பலமநேர் போகும் வழியில் மொகிலி காட் ரோட்டில் ஏறும்போது வண்டி மிதப்பது போல இருந்தது. வளைவில் தொட்டித் தண்ணீர் ஒரு பக்கம் சாய, வண்டியும் கூடவே சாய்ந்தது. திரும்பி வந்து, சித்தூரில் மாங்காய் லாரிகள் நிற்கும் எடைமேடையில் முதலில் முன்சக்கரங்களை மட்டும், பிறகு முழு வண்டியையும் ஏற்றிப் பார்த்தேன். முழு எடை மட்டும் தெரிந்தால் போதாது. எந்த அச்சில் எவ்வளவு என்று தெரிய வேண்டும். இதற்குச் சில ரூபாய்களும் கால் மணி நேரமும்தான் செலவு.

மூன்றாவது, மின்சாரம். புதுப் பேட்டரிகள் வருவதற்குள் அவசரப்பட்டு, விளக்கு, ஃபேன், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் வண்டியின் சொந்தப் பேட்டரியிலேயே கொடுத்துவிட்டு ஒரு ராத்திரி திருப்பதியில் தங்கினோம். காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு சரி. பேட்டரித் தொழிற்சாலைக்குப் பேர்போன கரகம்பாடி பக்கத்திலேயே இருக்க, பேட்டரி செத்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தோம். குற்றம் பேட்டரியுடையது அல்ல. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரிக்கு உள்ளே மெல்லிய தகடுகள். சில விநாடிகளுக்குப் பெரும் கரண்ட் கொடுப்பது அதன் வேலை. ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கத் தடித்த தகடுகள் கொண்ட வேறு ஜாதி பேட்டரி வேண்டும். அதிலும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் என்று எழுதியிருந்தால் 1,800 வாட்-அவர் என்று குதிக்கக் கூடாது. ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக, கையில் இருப்பது 900.

அந்தப் பேட்டரிகள் வந்த பிறகு இன்னொரு பாடம். ஃபேனுக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் போட்டு, பேட்டரியிலிருந்து அதுவரைக்கும் வயரை வெறுமனே இழுத்திருந்தோம். வயர் நுழையும் தகட்டு ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடவில்லை. வண்டி குலுங்கக் குலுங்க வயரின் தோல் தேய்ந்து, காணிப்பாக்கம் தாண்டும்போது சீட்டுக்கு அடியில் புகை. நல்ல வேளை, பகல். ஃப்யூஸ் ஃபேனைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. அது இருக்க வேண்டிய இடம் பேட்டரியின் பாஸிடிவ் முனைக்குப் பக்கத்தில்.

நான்காவது தவறை நான் கண்டுபிடிக்கவில்லை. 2025 அக்டோபர் 24-ம் தேதி விடியும் முன், ஹைதராபாதிலிருந்து பெங்களூர் போன தனியார் ஸ்லீப்பர் பஸ், கர்னூல் அருகே சின்னடேகூரில் ரோட்டில் கிடந்த மோட்டார் சைக்கிள் மீது ஏறித் தீப்பிடித்தது. பஸ்ஸில் இருந்தவர்களில் 19 பேர் இறந்தார்கள். பலர் தப்பியது கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதித்ததால். மறுநாள் காலை பேப்பரை மடித்து வைத்துவிட்டு மனைவி கேட்டாள்: "நம்ம வண்டில ராத்திரி தீப்பிடிச்சா நான் எந்தப் பக்கமா இறங்கணும்?"

பதில் சொல்ல முடியவில்லை. பின்கதவுக்குக் குறுக்கே கட்டில். ஜன்னல்களுக்குத் திருடனுக்குப் பயந்து இரும்புக் கம்பி. பக்கக் கதவை ஒட்டி கேஸ் அடுப்பு. தீ எங்கே பிடிக்க அதிக வாய்ப்போ அதைத் தாண்டித்தான் ஒரே வழி. தவிர, சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். எங்கள் வேனில் தரை மட்டத்தில் ஓட்டையே இல்லை. சாமான்களுக்கு இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சியதில் மனிதர்களுக்கு வழி தேடியிருக்கிறேன். முதலில் வழி, பிறகுதான் கட்டில் என்று இருக்க வேண்டும். படுக்கும் ஒவ்வொருவரும், இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பக்கமாக வெளியேற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நாங்கள் பார்த்தோம். ஆறு பேரில் நாலு பேர் மாட்டிக்கொண்டோம்.

ஐந்தாவது, காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சட்டப்படி கேரவன் என்று ஒன்று இல்லாமல் இல்லை. அதற்கு ஏ.ஐ.எஸ்.-124 என்ற தர விதி இருக்கிறது. அதன்படி சோதித்து ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டுவிட்டு, எஃப்.சி. எடுக்கும் நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்ன சொல்வாரோ என்று கவலைப்படுவது அற்பம். பெரிய கவலை இன்ஷூரன்ஸ். விபத்து நடந்த பிறகு, 'இது நாங்கள் இன்ஷூர் செய்த வண்டியே அல்ல' என்று கம்பெனி சொல்ல நாமே இடம் கொடுக்கிறோம்.

மறுபடி பட்டறை. மேஸ்திரி சிரிக்கவில்லை. "கட்டறதுக்கு மூணு வாரம், கழட்ட நாலு நாள் சார்," என்றார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "நீங்க கேட்டது கட்டில். கட்டலாமான்னு கேக்கலையே." ஆறாவது தவறு என்று இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது வேனில் கம்பெனி சீட்டுகள் பழைய இடத்தில். ஜன்னலில் கம்பி இல்லை. கண்ணாடி உடைக்கச் சின்ன சுத்தியல் இரண்டு, ஒரு தீயணைப்பான். மடக்குக் கட்டில்கள் இரண்டு; ராத்திரி வெளியே எடுத்து, கூடாரத்தில் விரிக்கிறோம். தண்ணீர் 20 லிட்டர் கேன்களில், முன்னும் பின்னுமாக. ஒரு சின்ன ஃபேன், அதற்குத் தனியாகச் சின்னப் பேட்டரி, பாஸிடிவ் முனையில் ஃப்யூஸ். ராமராவின் ரதத்திடம் கேட்கப்பட்டதும் நிற்க ஓர் இடம், படுக்க ஓர் இடம் என்று கொஞ்சம்தான்.

போன மாதம் திருமலைக்குப் போனோம். 1974-ல் திறந்த இரண்டாவது காட் ரோட்டில் ஏற்றம், 1944-ல் திறந்த முதல் ரோட்டில் இறக்கம். இறக்கத்தில்தான் அதிகப்படி எடையின் கணக்கு தீர்க்கப்படும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது லாரி டிரைவர்கள் சொல்லும் பழைய பாடம். இரண்டாவது கியரில் வந்தேன். அலிபிரியில் இறங்கிச் சக்கரத்தருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சூடு இருந்தது, வாடை இல்லை. பின்சீட்டில் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள்.