கருகிய ஓரமும் இனிப்புப் பயறும்

இப்பகுதியில் மாதந்தோறும் நம் வீட்டு அடுப்பைச் சுற்றியே பேசி வந்தோம். இத்திங்கள் சற்றுத் தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்க நாட்டின் நடுவே, மிசௌரி ஆற்றங்கரையில் உள்ள கான்சாஸ் நகரத்துக்கு. அன்பர்கள் முன்கூட்டியே ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். பேச்சு மாட்டிறைச்சியைப் பற்றியது. நம் சங்கத்தில் அதை உண்போரும் உளர், உண்ணாதோரும் உளர். நாம் குடியேறியிருக்கும் மாநிலங்கள் பலவற்றில் சட்டமும் அதற்கு இடந்தருவதில்லை. உண்ணாத அன்பர்கள் முற்பகுதியைக் கதையாகப் படித்துவிட்டு, பயறு வரும்போது கரண்டியைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். பயறு அனைவருக்கும் பொது.

எம் தமக்கையின் மகன் ஈராண்டுகளாக அந்நகரில் வேலை பார்க்கிறான். அவ்வூர் கான்சாஸ் மாநிலத்தில் இருப்பதாகவே நாம் எண்ணியிருந்தோம். அப்படியன்று. பெயர்பெற்ற பெரிய நகரம் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்தது. எல்லைக்கு அப்பால், கான்சாஸ் மாநிலத்திலும் அதே பெயரில் ஒரு நகரம் உண்டு. சரக்குக் கிடங்கில் பதினான்கு ஆண்டுகளாக எழுத்தர் வேலை பார்க்கும் எமக்கு இதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. ஒரே பெயரில் இரண்டு நிலையங்கள் இருந்தால் எத்தனை மூட்டைகள் வழிதவறும் என்பதை எம்மைப் போன்றோரே அறிவர்.

அவ்வூரைப் பெருநகரமாக்கியதும் இரயில்தான். 1869-இல் அங்கே ஹானிபல் பாலம் திறக்கப்பட்டது. மிசௌரி ஆற்றைக் கடந்த முதல் நிலையான இருப்புப் பாதைப் பாலம் அதுவே. இரண்டே ஆண்டுகளில், 1871-இல், இருப்புப் பாதையை ஒட்டிப் பெரியதொரு மாட்டுச் சந்தை எழுந்தது. மேற்கிலும் தெற்கிலும் மேய்ந்த மாடுகள் சரக்கு வண்டிகளில் வந்து இறங்கின. இறைச்சியைப் பதப்படுத்தும் ஆலைகள் பக்கத்திலேயே முளைத்தன. நல்ல துண்டுகள் மீண்டும் வண்டியேறி வெளியூர் போயின. விலைபோகாத முரட்டுத் துண்டுகள் ஊரிலேயே மலிவாகத் தங்கின. சந்தை 1991-இல் மூடப்பட்டுவிட்டது. சமையல் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை.

அச்சமையலின் தந்தை என்று ஹென்றி பெரி என்னும் கறுப்பின மனிதரை அவ்வூரார் போற்றுகிறார்கள். அவர் அவ்வூர்க்காரர் அல்லர். டென்னசி மாநிலத்தில், மெம்பிஸ் நகருக்கு அருகே பிறந்தவர். ஆற்றில் ஓடும் நீராவிக் கப்பல்களின் சமையற்கட்டுகளில் உழைத்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்சாஸ் நகரம் வந்து சேர்ந்தார். ஒரு சந்தில் நின்றுகொண்டு, புகையில் வெந்த இறைச்சியைச் செய்தித்தாளில் மடித்துத் தொழிலாளருக்கு விற்றார். பிறந்த மண்ணை விட்டு வேறு மண்ணில் அடுப்பு மூட்டியவர் என்ற வகையில் அவரும் நம்மவரே என்று சொல்லத் தோன்றுகிறது. 1940-இல் அவர் மறைந்தபின் அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரயண்ட் கடையை ஏற்றார். 1946-இல் அது அவர் தம்பி ஆர்தர் பிரயண்டின் கைக்கு வந்தது.

ஆர்தர் பிரயண்டின் கடையில்தான் நம் கதையின் நாயகம் பிறந்தது, அல்லது, உதிர்ந்தது. மாட்டின் நெஞ்சுக்கறியை மணிக்கணக்காகப் புகையில் இட்டால் விளிம்புகள் காய்ந்து, கறுத்து, முறுகிவிடும். கறியை மெல்லிய இதழ்களாக அரியும்போது இவ்விளிம்புகள் உடைந்து பலகையில் விழும். அவற்றைத் தட்டில் வைத்து விற்க முடியாது. ஆகவே கடைக்காரர் அவற்றை மேடையின் ஓரத்திற்குத் தள்ளிவிடுவார். வரிசையில் நிற்போர் காசின்றி எடுத்து வாயில் போட்டுக்கொள்வர். அவ்வூரில் பிறந்த கால்வின் டிரில்லின் என்னும் எழுத்தாளர் 1972-இல் ஒரு சஞ்சிகையில் இக்கடையை உலகிலேயே தலைசிறந்த உணவகம் என்று பாதி வேடிக்கையும் பாதி உண்மையுமாகப் புகழ்ந்தார். அக்கருகிய ஓரங்களை எண்ணி ஏங்கியும் எழுதினார். அதன்பின் ஓரங்களுக்கு விலை வந்துவிட்டது. இன்று பல கடைகளில் கொழுப்புமிக்க நெஞ்சுக்கறியை வேண்டுமென்றே சதுரமாக வெட்டி, கருக்கி, தனி உணவாக விற்கிறார்கள். உதிர்வது வேண்டிய அளவுக்குப் போதாமையே காரணம். இலவசமாய்க் கிடந்ததைக் காசு கொடுத்து வாங்கும் காலம் வந்ததில் எமக்கு வியப்பில்லை. நம்மூரில் பழைய சோற்றுக்கு விலைப்பட்டியல் வந்ததை நாம் காணவில்லையா?

இனிச் சமையலுக்கு வருவோம். சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை எம் மருமகன் தன் வீட்டுப் பின்கட்டில் இதை முதன்முறையாகச் செய்யத் துணிந்தான். உடன் வேலை பார்ப்போர் எட்டுப் பேரை மாலை விருந்துக்கும் அழைத்துவிட்டான். துண்டின் நிறை ஆறு கிலோ. விலையைக் கேட்டுவிட்டு நாம் வேறு பேச்சுக்குத் தாவினோம்.

நெஞ்சுக்கறி ஏன் முரடு? மாட்டுக்கு நம்மைப் போல் காறை எலும்பு இல்லை. முன்னுடலின் பாரத்தை நெஞ்சுத் தசைகளே தாங்குகின்றன. நாளெல்லாம் சுமை தாங்கும் தசையில் இணைப்பு நார்கள் மிகுதியாயிருக்கும். அவசரத் தீயில் அவை இறுகும். நீண்ட மெல்லிய சூட்டிலோ கரைந்து பசையாகும். ஆட்டுக்கால் பாயா குடித்தவர்கள் உதட்டில் ஒட்டும் பசையை அறிவார்கள். இதுவும் அதுவும் ஒன்றே. அத்துண்டில் இரு தசைகள் உண்டு. ஒன்று தட்டையாய், கொழுப்புக் குறைந்தது. மற்றொன்று அதன்மேல் தடித்து, கொழுப்பு ஊடோடிக் கிடப்பது. கருகிய ஓரத்திற்கு உகந்தது தடித்ததே.

உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், சிறிது பழுப்புச் சர்க்கரை ஆகியவற்றை மேலெல்லாம் தடவி, விடியற்காலையில் அவன் கறியைப் புகைப்பெட்டியில் ஏற்றினான். ஹிக்கரி மரமும் ஓக் மரமும் விறகு. தீ ஒரு பக்கம், கறி மறுபக்கம். சுடர் கறியைத் தீண்டலாகாது. பெட்டிக்குள் சூடு 110 முதல் 120 டிகிரி செல்சியசுக்குள் நிற்க வேண்டும். ஏறினால் காற்றுத் துளையைச் சுருக்கி, இறங்கினால் விரித்து, பிள்ளை பார்ப்பது போல் பார்க்க வேண்டும்.

நண்பகலில் அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. நமக்கு அப்போது இரவு மணி பத்தரை. "மாமா, கெடுத்துவிட்டேன். கறியின் சூடு 68 டிகிரியில் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரமாக ஏறவேயில்லை. தீயைக் கூட்டட்டுமா?" என்றான். எட்டுப் பேரும் மாலையில் வந்துவிடுவர். பத்தாம் வகுப்போடு நின்ற எமக்கு இதில் என்ன தெரியும்? "பக்கத்து வீட்டில் பெரியவர் யாரேனும் இருந்தால் கேளப்பா" என்றோம்.

கேட்டிருக்கிறான். அவர் சிரித்துவிட்டு, ஒன்றும் செய்யாதே என்றாராம். காரணம் மிக எளிது. சூடேறிய கறியின் ஈரம் மேற்பரப்பில் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அடுப்பு கொடுக்கும் சூட்டை அந்த ஆவி எடுத்துப் போய்விடுகிறது. மண்பானை நீர் குளிர்வது எவ்வாறோ, அவ்வாறே. ஈரம் குறைந்தபின் சூடு தானே ஏறும். வெளிச் சமிக்ஞையில் நிற்கும் சரக்கு வண்டியை எண்ணிக்கொண்டோம். ஓட்டுநர் பதறினாலும் பதறாவிட்டாலும் கை இறங்கும்போதுதான் வண்டி நகரும். பொறுக்க இயலாதோர் கறியைத் தடித்த தாளில் இறுகச் சுற்றிவிடலாம். ஆவி வெளியேறாததால் சூடு விரைந்து ஏறும். மேல்முறுகல் மட்டும் சற்று மெலியும். விருந்தினரை எண்ணி அவன் சுற்றிவிட்டான்.

சூடு 90 டிகிரியைக் கடந்து, கம்பி செருகினால் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியதும், தடித்த தசையைப் பிரித்தெடுத்தான். ஓரங்குலச் சதுரங்களாக வெட்டி, தக்காளியும் கரும்புப் பாகும் காடியும் சேர்ந்த அவ்வூர்க் குழம்பில் புரட்டி, அகன்ற தட்டில் பரப்பி, மூடாமல் மீண்டும் ஒன்றரை மணி நேரம் புகையில் வைத்தான். பாகு வற்றி ஒவ்வொரு சதுரமும் கறுத்துப் பளபளத்தது. ஆறு கிலோவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஆவியாகவும் கொழுப்பாகவும் போய்விட்டது. எட்டுப் பேருக்குக் குறைவில்லை.

மறுநாள் அவன் ஒன்று சொன்னான்: "அம்மா இருந்திருந்தால் இதைத்தான் எடுத்துக்கொண்டிருப்பாள், மாமா." எம் தமக்கை பானையின் நல்ல சோற்றையெல்லாம் எங்களுக்குப் போட்டுவிட்டு, அடியில் பிடித்த காந்தலைத் தனக்கென்று வைத்துக்கொள்வாள். அதுவே தனக்குப் பிடிக்கும் என்பாள். மெய்யாகவே பிடித்ததா, எங்களுக்குக் குறையாதிருக்கச் சொன்னாளா என்று நாம் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் இயலாது.

பயற்றுக்கு வருவோம். கான்சாஸ் நகரில் கறிக்குத் துணையாகப் பயறும் உண்டு. வெந்த பயற்றைக் குழம்போடு சேர்த்து, கறியின் கீழேயே பாத்திரத்தை வைத்துவிடுவர். மேலிருந்து சொட்டும் கொழுப்பும் உதிரும் கருகல்களும் அதில் விழும். எம் வீட்டில் கறிக்கு வழியில்லை, பயற்றுக்கு உண்டு. ஒரு ஞாயிறன்று நம் சங்கத்துக் குடும்பங்கள் இரண்டை அழைத்துவிட்டு, அடுப்படியை நாமே கைப்பற்றினோம். இரவெல்லாம் ஊறிய ராஜ்மாவைத் தக்காளி, காடி, வெல்லத்தோடு ஒன்றாய்க் கொட்டி, மெல்லிய தீயில் ஏற்றினோம். மூன்று மணி நேரம் கடந்தும் பயறு பாதையோரச் சரளைக்கல்லாகவே இருந்தது. எம் மனைவி எட்டிப் பார்த்தார். "பருப்பு வேகுமுன் புளி ஊற்றுவார் உண்டா?" என்று மட்டும் கேட்டார். வந்தவர்கள் அன்று ரசமும் அப்பளமும் உண்டு சென்றனர்.

பிழை இரண்டு. புளிப்பு பயற்றின் தோலை இறுக்கிவிடும். வெல்லமும் வேக விடாது. மற்றொன்று இன்னும் கடுமையானது. ராஜ்மாவில் வயிற்றைப் புரட்டும் இயற்கை நஞ்சு ஒன்று உண்டு. ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். கொதிக்காத மெல்லிய சூட்டில் நாள் முழுதும் கிடந்தாலும் போகாது. அன்று பயறு வேகாமற்போனது விருந்தினர் செய்த புண்ணியம்.

அடுத்த ஞாயிறு செய்த முறை இது. அரைக் கிலோ ராஜ்மாவை ஊறவைத்து, நீர் மாற்றி, அழுத்தக் கொப்பரையில் நசுங்குமளவு வேகவிட்டோம். பிறகு இரண்டு வெங்காயம், ஆறு பல் பூண்டு வதக்கி, நான்கு தக்காளியின் சாறு, நூறு கிராம் வெல்லம், மூன்று கரண்டி காடி, ஒரு கரண்டி கடுகுத்தூள், மிளகு, மிளகாய்த்தூள், உப்பு சேர்த்துக் கொதிக்கவைத்து, பயற்றைக் கலந்தோம். புகைக்கு இவ்வடநாட்டு அண்டை வீட்டார் வழி கைகொடுத்தது. கனலும் கரித்துண்டொன்றைச் சிறு கிண்ணத்தில் இட்டுப் பயற்றின் நடுவே வைத்து, அதன்மேல் ஒரு சொட்டு நெய் விட்டு, ஐந்து நிமிடம் மூடிவைத்தோம். கரியை முற்றத்தில்தான் மூட்ட வேண்டும். அடைத்த அறையில் கரிப்புகை உயிருக்கே உலை வைக்கும். பின்னர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு, அகன்ற இரும்புச் சட்டியில் ஒரு மணி நேரம் மூடாமல் சிறு தீயில் வற்றவிட்டோம்.

அவ்விரு குடும்பத்தாரையும் மீண்டும் அழைத்திருந்தோம். சப்பாத்தியோடு பயறு தீர்ந்துவிட்டது. சட்டியின் ஓரத்தில் வெல்லம் பிடித்துக் கறுத்த ஒரு வளையம் மட்டும் எஞ்சியது. எம் மனைவி அதைத் தனக்கென்று ஒதுக்கிவைக்க, எம் மகள் கரண்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். இருவரும் பாதிப்பாதியாகச் சுரண்டித் தின்றார்கள்.