‘அனுமதி இல்லை’ன்னு கம்ப்யூட்டர் சொன்ன ராத்திரி

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல இருக்குற உங்க ஃபைலை யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது? கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

சில வருஷம் முன்னாடி எனக்கு கேஷுவாலிட்டி நைட் டியூட்டி. ராத்திரி 2 மணிக்கு, கால் வீங்கி, சீழ் பிடிச்சு, காய்ச்சலோட ஒரு அம்மா வந்தாங்க. ஊசி எழுதப் போறேன், மகன் சொல்றார்: "போன வருஷம் இங்கதான் சார் அட்மிட் ஆனாங்க. ஏதோ ஒரு ஊசி ஒத்துக்கல. பேரு தெரியல, பேப்பர் வீட்ல இருக்கு."

பழைய டிஸ்சார்ஜ் சம்மரி ஸ்கேன் பண்ணி சிஸ்டத்துல இருக்கு. பேரு தெரியுது, ஃபைல் திறக்கல. ‘அனுமதி இல்லை’. சிஸ்டர் லாகின்லயும் அதே. அப்போ அவங்க மெதுவா கேட்டாங்க, "டாக்டர், ஐசியூ சிஸ்டர் பாஸ்வேர்ட் தெரியும். போடட்டுமா?"

போடுங்கன்னு சொன்னேன். திறந்துச்சு. பெனிசிலின் அலர்ஜி, ஊசி போட்டதும் பிரஷர் இறங்கிடுச்சுன்னு எழுதியிருந்தது. நான் எழுத இருந்தது அமாக்ஸிசிலின் - கிளாவுலனேட். அதுவும் பெனிசிலின் குடும்பம்தான்! கிளிண்டாமைசினுக்கு மாத்தினேன்.

நல்லதுதானே நடந்துச்சுன்னு தோணும். ஆனா வீட்ல தூங்கிட்டிருந்த ஒரு சிஸ்டர் அந்த ஃபைலை ராத்திரி 2 மணிக்குத் திறந்ததா பதிவாகியிருக்கும். நாளைக்கு அந்த ஃபைல் வெளிய கசிஞ்சா மாட்டப்போறது அவங்கதான். அந்த ராத்திரி நான் செஞ்சது தப்பு. அதே நிலைமை வந்தா திரும்பவும் செய்வேனோன்னு பயமாவும் இருக்கு.

மறுநாள் ஐடி தம்பிகிட்ட போனேன். "எல்லாருக்கும் எல்லாத்தையும் திறந்து விட்டுடட்டுமா சார்?"னு கேட்டார். வேண்டவே வேண்டாம்னேன். மனநல சிகிச்சை, கருக்கலைப்பு, எச்ஐவி ரிசல்ட் எல்லாம் அதே சிஸ்டத்துலதான் இருக்கு. உங்க பக்கத்து வீட்டுக்காரர் அங்க பில்லிங்ல வேலை பார்க்கலாம்.

அப்புறம்தான் அவர் உட்கார்ந்து ஒழுங்கா தேடினார். இதே ஃபைல் வேற யாருக்குத் திறக்குது? இதே ஆளுக்கு வேற ஃபைல் திறக்குதா? இந்த ரெண்டு கேள்வியிலேயே பாதி தெரிஞ்சிடுச்சு. எனக்கு எந்தப் பழைய ஃபைலும் திறக்கல. நான் வார்டுல இருந்து கேஷுவாலிட்டிக்கு மாறி ரெண்டு மாசம், என் அக்கவுண்ட் மட்டும் இன்னும் வார்டு குரூப்லயே இருந்துச்சு. சிஸ்டர் சரியான குரூப்லதான் இருந்தாங்க. அவங்க கேஸ்ல ஃபோல்டர்ல கோளாறு. மேல் ஃபோல்டர்ல கொடுத்த அனுமதி கீழ இறங்காம, அந்த ஒரு வருஷ ஃபோல்டருக்கு மட்டும் யாரோ தனியா செட் பண்ணி வச்சிருந்தாங்க. செய்தி ஒண்ணுதான், காரணம் ரெண்டு.

சரி பண்ணதும் தன் அட்மின் லாகின்ல திறந்து பார்த்து "ஓகே சார்"னார். அதுல எல்லாமே திறக்குமேப்பா! என்னை லாக் அவுட் பண்ணி, திரும்ப உள்ள வரச் சொல்லிப் பார்த்தப்போதான் நிஜமா முடிஞ்சுது.

என் கருத்து இதுதான். பாஸ்வேர்டைப் பகிர்ற ஊழியரைத் திட்டுறதுக்கு முன்னாடி, நிர்வாகம் ராத்திரி 2 மணிக்கு ஒரு நேர்வழி கொடுக்கணும். இதுக்கு ‘பிரேக் தி கிளாஸ்’னு ஒரு முறை இருக்கு. அவசரத்துல காரணத்தை டைப் பண்ணி, உங்க சொந்தப் பேர்லயே திறக்கலாம். யார், எப்போ, ஏன்னு பதிவாகும், பின்னாடி ஒருத்தர் சரிபார்ப்பார். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் போடுற அன்னைக்கே அக்கவுண்டையும் மாத்தணும்.

நீங்க செய்ய வேண்டியது: உங்க ரெக்கார்டை எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள டாக்டர் தரணும்னு இந்திய மருத்துவக் கவுன்சிலோட 2002 விதிமுறையே சொல்லுது. கேட்டு வாங்குங்க. ஒத்துக்காத மருந்தோட பேர் இருக்குற பக்கத்தை போட்டோ எடுத்து உங்க போன்லயும், வீட்ல இன்னொருத்தர் போன்லயும் வைங்க. அந்த அம்மாவோட மகன் அன்னைக்குக் காலையிலேயே அதைச் செஞ்சுட்டார்.