‘பரவாயில்லை’ என்பது விடையாகுமா?



புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் என் அத்தையுடன் இங்குப் பினாங்கில் ஒரு மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். தாதி ஒரு தட்டைக் கணினியை நீட்டினார். சென்ற வாரம் வலி, களைப்பு, உறக்கமின்மை, கவலை எவ்வளவு இருந்தன என்று வரிசையாகக் கேள்விகள். திரையில் மலாயும் ஆங்கிலமும் மட்டுமே இருந்தன. அத்தை வாசிக்க அறிந்ததோ தமிழ் ஒன்றே. மகன் படித்துச் சொல்லச் சொல்ல, “பரவாயில்லைப்பா” என்றார். மகனும் ‘இல்லவே இல்லை’ என்பதைத் தொட்டுக்கொண்டே போனார்.

அன்றிரவு அத்தை என்னிடம் சொன்னார்: “நாலு ராத்திரியா கண்ணு மூடல. புள்ள மனசு ஒடஞ்சிடும்னுதான் சொல்லல.”

இத்தகைய வினாநிரல்கள் வெறும் சடங்கல்ல. ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஒன்று உருவாக்கி 1993இல் வெளிவந்த ‘கியூ.எல்.கியூ-சி30’ உலகெங்கும் பயன்படுகிறது. அதில் 30 கேள்விகள். முதல் 28 கேள்விகளுக்கு நான்கு நிலைகளில் விடை. இறுதி இரண்டிற்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண்.

நியூயார்க்கில் 766 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் தம் உபாதைகளைக் கணினிவழித் தெரிவித்தனர். நிலை மோசமானால் தாதியருக்கு உடனே மின்னஞ்சல் சென்றது. 2017இல் வெளியான முடிவின்படி அப்பிரிவினரின் இடைநிலை ஆயுள் 31.2 மாதங்கள், வழக்கமான கவனிப்பு பெற்றோருக்கு 26 மாதங்கள். ஐந்து மாதங்கள்! உண்மையான விடைக்கு அத்தனை மதிப்பு உண்டு.

கேள்வி புரியாத மாணவன் எழுதும் விடை, அவனுடைய அறிவை அளப்பதில்லை என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். அந்த ஐரோப்பிய அமைப்பும் இதை உணர்ந்தே, வினாநிரலை மொழிபெயர்த்தபின் மீண்டும் ஆங்கிலத்திற்குத் திருப்பி ஒப்பிடுகிறது. நோயாளிகளிடம் படிக்கக் கொடுத்தும் சோதிக்கிறது. அதன் தமிழ் வடிவம் முன்னரே உள்ளது. திரையில் அதுவும் இடம்பெற வேண்டும். வாசிக்க இயலாதோருக்குக் கேள்விகள் தமிழில் ஒலிக்கவும் வேண்டும். இதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

பெற்றோர்களே, உங்கள் தாய் தந்தையருக்காக நீங்கள் விடையளிக்காதீர்கள். தாதியோ வேறொருவரோ வாசிக்கட்டும்; நீங்கள் சற்று விலகி அமருங்கள். பிள்ளைகள் எதிரில் நம் முதியோர் வலியை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தேர்வு அறையில் பிள்ளைக்குப் பதிலாக நாம் எழுதுவதில்லையே! இதுவும் அவர்கள் தாமே எழுத வேண்டிய தேர்வு.

அடுத்த முறை தாதி ஒருவர் தமிழில் கேட்டார். அத்தை நான்காம் கட்டத்தைக் காட்டினார்: ‘மிக அதிகம்’. மருத்துவர் அன்றே வலி மருந்தை மாற்றினார்.

அன்றிரவு அத்தை உறங்கினார்.