இழப்பீடு யார் கைக்குச் சேர வேண்டும்?

புதுச்சேரியின் பஞ்சாலைகளை வளர்த்ததே வெளிநாட்டு வணிகம்தான். இங்கே நீலச் சாயம் தோய்த்த 'கினே' துணி கப்பலேறி செனகலுக்குப் போனது. அங்குள்ள ஆற்றங்கரைச் சந்தைகளில் அது பணம் போலவே கைமாறியது. 1898-இல் முதலியார்பேட்டையில் தொடங்கிய ரோடியர் ஆலை பின்னாளில் ஏஎஃப்டி ஆனது. அதனுடன் சுதேசி, பாரதி ஆலைகளும் சேர்ந்து ஊரின் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டன. 1936 ஜூலை 30 அன்று இதே ஊரின் சவானா ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச்சூட்டில் உயிரைக் கொடுத்த பிறகு, 1937-இல் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது.

அந்த ஆலைகளில் இன்று தறி ஓடவில்லை. 1983-இல் முதலாளிகள் மூடிய ஏஎஃப்டியை அரசு எடுத்து நடத்தியது. 2011 டிசம்பரில் தானே புயல் இயந்திரங்களைச் சிதைத்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் லே-ஆஃப்; 2020 ஏப்ரல் 30-உடன் நிரந்தர மூடல். வேலையும் இல்லாமல், விடுதலையும் இல்லாமல் பாதிச் சம்பளத்தில் காத்திருந்த அந்த ஆண்டுகள்தான் மிகக் கொடியவை. நாற்பதுகளில் வேறு தொழில் கற்றிருக்கக்கூடியவர்கள், கதவு சாத்தப்பட்டபோது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். அந்தக் காலத்தில் செலவிட்ட பொதுப்பணத்தில் ஒரு பங்கேனும் மறுபயிற்சிக்குப் போயிருக்க வேண்டும்.

ஏஎஃப்டியைச் சாய்த்தது எது? விசைத்தறிப் போட்டியா, பழைய இயந்திரமா, நிர்வாகமா, 2005-இல் ஜவுளி ஒதுக்கீட்டு முறை முடிந்தபின் மாறிப்போன உலகச் சந்தையா, புயலா? எல்லாம் சேர்ந்துதான். இன்ன காரணத்துக்கு இத்தனை விழுக்காடு என்று எந்தத் தணிக்கையாளராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வெளிநாட்டு வணிகத்தால் வேலை இழந்தவர்களுக்கு உதவ உருவாகி, உலகுக்கே முன்மாதிரியாகச் சொல்லப்பட்ட அமெரிக்கத் திட்டம் தடுமாறியதும் இப்படிக் காரணத்தைப் பிரிப்பதில்தான். கென்னடி ஆட்சியில், 1962-இல் பிறந்த அத்திட்டத்தில் மூன்று தொழிலாளர்கள் சேர்ந்தாலே மனுப் போட முடிந்தது. ஆனால், வேலை போனதற்கு வெளிநாட்டு வணிகமே காரணம் என்று தொழிலாளர் துறை சான்றளிக்க வேண்டியிருந்தது. பக்கத்து ஆலையில் இயந்திரத்தால் வேலை இழந்தவருக்கு அதில் இடமிருக்கவில்லை. 2022 ஜூலையில் புதிய மனுக்களுக்குச் சான்றளிப்பதே நின்றுபோனது. ஐரோப்பிய ஒன்றியமோ 2021-இல், 200 பேர் வேலை இழந்தால் போதும், காரணம் எதுவானாலும் நிதி கோரலாம் என்று விதியைத் தளர்த்தியது. இதுவே சரியான பாதை.

ஆனாலும், அமெரிக்கத் திட்டத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஓர் அம்சம் உண்டு. ஐம்பது வயதைக் கடந்தவர் குறைந்த கூலிக்கு வேறு வேலையில் சேர்ந்தால், பழைய கூலிக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அரசு இரண்டு ஆண்டுகள் வரை, ஓர் உச்சவரம்புக்குள் கொடுத்தது. ஆலையில் தறி ஓட்டியவர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக நிற்கும் ஊரில் இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. வீட்டில் முடங்காமல் கிடைத்த வேலைக்குப் போகிறவரை இந்தத் தொகை தாங்குகிறது.

நம்மிடம் திட்டமே இல்லாமல் இல்லை. 1986-இன் ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதி, மூடிய ஆலைத் தொழிலாளிக்கு முதல் ஆண்டு கூலியில் 75 விழுக்காடும், அடுத்த ஆண்டு 50, மூன்றாம் ஆண்டு 25 விழுக்காடும் தந்தது. தனியார் ஆலைகளுக்கு மட்டும் என்ற வரம்பால், அரசின் கைக்கு வந்துவிட்ட புதுச்சேரி ஆலைகளின் தொழிலாளர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். 2017-இல் அது இஎஸ்ஐ திட்டத்தோடு இணைக்கப்பட்டது. அதே இஎஸ்ஐ-யின் கீழ் 2018-இல் வந்த அடல் காப்பீட்டுதாரர் நலத் திட்டம் 90 நாள்கள் வரை கைகொடுக்கிறது. அதுவும் வாழ்நாளில் ஒருமுறைதான். புதுச்சேரியின் மேட்டுப்பாளையத்திலும் சேதராப்பட்டிலும் ஒப்பந்தக்காரர் வழியே வேலை பார்ப்பவருக்கு இஎஸ்ஐ பதிவே இல்லையென்றால் அந்த 90 நாள்களும் கிடையாது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது நம் முன்னுரிமை அப்பட்டமாகத் தெரிந்தது. பருத்தி இறக்குமதி வரி விலக்கப்பட்டது. ஏற்றுமதியாளருக்கு 20,000 கோடி ரூபாய் கடன் உத்தரவாதமும், 25,060 கோடி ரூபாயில் ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கமும் அறிவிக்கப்பட்டன. தொழில் நிலைக்க இவை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால், ஆர்டர் குறைந்து ஷிஃப்ட் வெட்டப்பட்ட திருப்பூர் தையல்காரரின் வங்கிக் கணக்கில் இவற்றில் எதுவும் நேராக விழவில்லை. முதலாளிக்குக் கொடுத்தால் தொழிலாளிக்குக் கசியும் என்பது நம்பிக்கை மட்டுமே.

2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, ஆள்குறைப்புக்கு ஆளானவருக்கு 15 நாள் கூலியை மறுபயிற்சி நிதியாக 45 நாள்களுக்குள் கணக்கில் போடச் சொல்கிறது. பதினைந்து நாள் கூலியில் எந்தத் தொழிலைக் கற்பது? அதே தொகுப்பு, அரசு அனுமதியின்றி ஆலையை மூட முடியாத வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300-ஆக உயர்த்தியும் விட்டது. மூடுவதை எளிதாக்கிய அரசுக்கு, மூடிய பின் வரும் பொறுப்பும் அதே அளவு கூட வேண்டும். சுங்க வரி வருவாயில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்கலாம். வணிகக் கொள்கையை வகுப்பதும் சுங்கம் வசூலிப்பதும் மத்திய அரசே.

புதுச்சேரி அரசு தில்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏஎஃப்டி, சுதேசி, பாரதி தொழிலாளர்களின் பாக்கி எல்லாவற்றையும் முதலில் தீர்க்கட்டும். அடுத்து, 45 வயதைக் கடந்து வேலை இழக்கும் எந்த ஆலைத் தொழிலாளிக்கும், ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, இரண்டு ஆண்டுக்குக் கூலி வித்தியாசத்தில் பாதியை வழங்கும் திட்டத்தை வரும் பட்ஜெட்டிலேயே சேர்க்கட்டும்.