சரவெடிக்கு 4.7 ஜி.பி. போதாது

சிவகாசிப் பக்கத்துப் பழைய கல்யாண டிவிடி ஒன்றை இன்றைய பெரிய டிவியில் போட்டுப் பார்த்தால், முகூர்த்தம் பளிச்சென்று இருக்கும். மொய் எழுதிவிட்டு மேடையேறும் சொந்தபந்தம் தெளிவாகத் தெரியும். மாப்பிள்ளை அழைப்பில் பூச்சட்டி பொங்கும்போதுதான் படம் கட்டம் கட்டமாக உடையும். எம். புதுப்பட்டி மாதிரி சுற்றிலும் பட்டாசு ஆலைகள் உள்ள ஊரில் கல்யாண வீட்டுக்காரர் பெருமையாக எடுக்கச் சொல்லும் காட்சியே அதுதான். பழி வீடியோக்காரர் தலையில் விழும். கேமரா பாவம், அது ஒழுங்காகத்தான் எடுத்தது.

குறை வட்டுக்கு ஏற்றும் இடத்தில் இருக்கிறது. டிவிடியின் எம்பெக்-2 முறை எல்லாப் படத்தையும் முழுசாக எழுதாது. ஏறக்குறைய அரை விநாடிக்கு ஒன்றை முழுசாக வைத்துக்கொண்டு, நடுவில் உள்ளவற்றில் எது எங்கே நகர்ந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். ஊர்வலக் கார் நகர்ந்தால் குறிப்பது சுலபம். தீப்பொறியை என்ன செய்வது? இந்தப் படத்தில் இருந்த பொறி அடுத்ததில் அணைந்திருக்கும், புதிதாக நூறு கிளம்பியிருக்கும், போதாததற்குப் புகை. குறித்து மாளாமல் 16க்கு 16 புள்ளிச் சதுரங்களாக அப்பிவிடுகிறது.

கணக்கும் இறுக்கமானது. 2003-ல் அறிவிக்கப்பட்ட எச்டிவி (HDV) கேமரா மினி டிவி (MiniDV) டேப்பில் விநாடிக்கு 25 மெகாபிட் எழுதியது. 2006-ல் வந்த ஏவிசிஎச்டி, 24 மெகாபிட் வரை. சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜி.பி. மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரே வட்டில் அடைத்தால் விநாடிக்கு மூன்றரை மெகாபிட்கூடத் தேறாது. 1080 வரிப் படம் 576 வரியாகச் சுருங்குவது தனி. 2006 முதல் அரசு கொடுத்த 14 அங்குல இலவச டிவியில் இதெல்லாம் கண்ணில் படவில்லை.

ப்ளூ-ரேயில் 25 ஜி.பி. உண்டு, ஆனால் அதற்கான பிளேயர் எத்தனை வீட்டில் இருந்தது? சாதாரண டிவிடியிலேயே எச்டி எழுதலாம் என்ற ஏவிசிஎச்டி வட்டுக்கும் ப்ளூ-ரே பிளேயர்தான் தேவை. அதிலும் நல்ல தரத்தில் அரை மணிக்குச் சற்று மேல்தான் கொள்ளும்.

கைதேர்ந்த எடிட்டர்கள் வேறு வழி பார்த்தார்கள். மென்பொருளை இரண்டு முறை ஓடவிடுவது: முதல் ஓட்டத்தில் எங்கே அசைவு அதிகம் என்று அளந்துகொள்ளும், இரண்டாவதில் பிட்டுகளைப் பங்கிடும். மேடையில் போட்டோவுக்கு அசையாமல் நிற்கும் பங்காளிகளிடமிருந்து எடுத்துப் பூச்சட்டிக்குக் கொடுப்பது. நியாயமான பங்கீடுதான். ஆனால் ரெண்டரிங் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். முகூர்த்த மாதத்தில் வேலை குவியும்போது யார் காத்திருப்பார்கள்? ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதியும் வரிகளின் வரிசை மாறினால் இன்னொரு வினை. எச்டிவியில் மேல் வரி முதலில், பழைய டிவி (DV) டேப்பில் கீழ் வரி முதலில். இதை மாற்றி வைத்தால் ஊர்வலம் முழுக்கப் படம் நடுங்கும்.

இந்தக் காட்சிகளுக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தது. மண்டப வாசலில் நீளமாக விரித்துக் கொளுத்திய வாலா, இனி பழைய கல்யாண வட்டில்தான் வெடிக்கும், அதுவும் கட்டம் கட்டமாக.

வட்டைக் கணினியில் அப்படியே நகலெடுத்தால் தரம் குறையாது. போன பொறி திரும்பவும் செய்யாது. அதை மீட்க மூல டேப்போ, ஏவிசிஎச்டி கேமராவின் எம்டிஎஸ் கோப்போ வேண்டும். எம்டிஎஸ் என்றால் ஸ்டூடியோவின் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேட வேண்டும், அழிக்காமல் வைத்திருந்தால் உண்டு. டேப் என்றால் வேலை இன்னும் அதிகம். சோனி 2025 பிப்ரவரியில் மினி டிவி கேசட் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஓடுகிற நிலையில் ஒரு எச்டிவி கேமரா கிடைத்தாலும், அதைக் கணினியோடு இணைக்க ஃபயர்வயர் துளை வேண்டும். புது மடிக்கணினிகளில் அது இல்லை. பழைய எடிட்டிங் கணினியைக் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரரைத்தான் விசாரித்துப் பிடிக்க வேண்டும்.