தோலும் தூய்மையும்

மயிலாப்பூரில் வீடு தேடி அலைந்தோம். மாடவீதி நான்கையும் சுற்றினோம், குளக்கரையைச் சுற்றினோம், கால் கடுத்தது, கதவுதான் திறக்கவில்லை. கடைசியில் ஒரு கதவு திறந்தது. காற்று உலவும் இரண்டு அறைகள். பள்ளிக்கு நடந்தே போகும் தொலைவு. ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டும் வாடகை. "வாத்தியாரா? வாங்க, உட்காருங்க" என்று வரவேற்றார் வீட்டுக்கு உடையவர். முன்பணம் எவ்வளவு என்று நாம் கேட்க வாயெடுக்குமுன் அவர் கேட்டார்: "சாப்பாடு எப்படி? சைவம்தானே?"

எல்லாம் உண்போம் என்றோம். பொய் சொல்லியிருந்தால் அன்றே சாவி கைக்கு வந்திருக்கும். ஆனால், பொய் பேசாதே என்று பிள்ளைகளுக்குக் காலையில் பாடம் சொன்ன வாய், மாலையில் வாடகை வீட்டுக்காகப் பொய் சொல்ல மறுத்துவிட்டது.

அவர் கோபிக்கவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. "தப்பா நினைக்காதீங்க, சார். சாப்பிடுறது எல்லாம் உடம்பிலே கலந்துடும். உடம்பு சுத்தமா இல்லேன்னா வீடும் சுத்தமா இருக்காது. தலைமுறை தலைமுறையா சுத்தமா வச்சிருக்கிற இடம் இது" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தோம்.

தோழர்களே! வீடு கிடைக்காததற்காக நாம் இதை எழுதவில்லை. அந்தப் பெரியவர் ஒரு காரணம் சொன்னார் அல்லவா? அந்தக் காரணத்தை ஆராயவே எழுதுகிறோம். அவர் சொன்னது தனி ஒருவர் கருத்தன்று. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் 'சைவ உணவினருக்கு மட்டும்' என்று தொங்கும் பலகைகளின் பின்னால் நிற்கும் தத்துவம் அது. 2014-ஆம் ஆண்டு நடுவண் அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் புலால் உண்போர் என்று தெரிய வந்தது. அந்தத் தொண்ணூற்றேழு பேரையும் ஒரு பலகை வாசலில் நிறுத்துகிறது என்றால், அதன் காரணத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

"சாப்பிடுவதெல்லாம் உடம்பில் கலந்துவிடும்." உண்மைதானா? கலைப் பட்டம் பெற்றவர் நாம், தமிழ் கற்பிப்பவர். ஆயினும் நம் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பிள்ளையே இதற்கு விடை சொல்லும். ஒரு பிடி சோற்றை வாயிலிட்டு நெடுநேரம் மெல்லுங்கள், இனிக்கும். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி மாவுப்பொருளை வெட்டிச் சர்க்கரையாக்குவதால் வரும் இனிப்பு அது. அதுபோலவே புரதத்துக்கும் வெட்டுக் கத்திகள் உண்டு. வயிற்றில் பெப்சின், கணையத்திலிருந்து வரும் டிரிப்சின், குடற்சுவரில் இன்னும் பல. ஆட்டிறைச்சியும் சரி, பாசிப்பயறும் சரி, பசும்பாலும் சரி, இந்தக் கத்திகளுக்கு முன் ஒன்றே. எல்லாம் துண்டு துண்டாகி, அமினோ அமிலங்கள் எனும் சிறு மணிகளாகிய பிறகே குருதியில் கலக்கின்றன. புரதங்களைக் கட்டும் அடிப்படை மணிகள் இருபதே வகை. பயற்றிலிருந்து வந்த கிளைசினுக்குப் பூணூலும் இல்லை. ஆட்டிலிருந்து வந்த கிளைசினுக்குத் தீட்டும் இல்லை. எங்கிருந்து வந்தோம் என்ற நினைவே அவற்றுக்குக் கிடையாது!

அந்த மணிகளை எடுத்து, உயிரணுவிலுள்ள ரைபோசோம் என்னும் பட்டறை, நம் மரபுக்குறிப்பு சொல்லும் வரிசையில் கோக்கிறது. அதனால்தான் ஆடு தின்பவன் ஆடாவதில்லை; கீரை தின்பவன் கீரையாவதுமில்லை. அந்தப் பட்டறையின் அமைப்பை அணு அணுவாகக் காட்டியதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். பிறந்தது நம் சிதம்பரத்தில். இறைவன் ஆடும் ஊர் என்று சிதம்பரத்தைப் போற்றுவோர், புரதம் பிறக்கும் பட்டறையைக் காட்டிய மகனைப் பெற்ற ஊர் என்றும் போற்றலாகாதா?

பெரியவர் அடுத்துச் சொன்ன சொல் தூய்மை. அதற்கு விடை வேண்டின் வெகுதூரம் போக வேண்டாம். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் போதும்.

அடையாற்றில் 1948-இல் தொடங்கப்பட்டது மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல்! வைதிகத்தின் அகராதியில் இதைவிட இழிந்த பொருள் உண்டா? தோலைத் தொட்டவன் தீண்டத்தகாதவன். அதைப் பதனிட்டவன் ஊருக்கு வெளியே. அதை அடித்து ஓசை எழுப்பியவன் சேரியில். அப்படித்தானே ஆயிரம் ஆண்டுகளாக எழுதி வைத்தார்கள்! அந்த நிலையத்துக்கு அருகே, கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை. 1952-இல் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் அழைத்துவந்த முப்பது வயது இளைஞர் ஜி. என். இராமச்சந்திரன் அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தார். இங்கிலாந்து அறிஞர் பெர்னால் சென்னைக்கு வந்தபோது, தோலின் தலையாய புரதமான கொல்லாஜனின் அமைப்பு இன்னும் சரிவரத் துலங்கவில்லை என்று சொல்லிப் போனார். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியே கிடைத்த கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ் கதிருக்குமுன் வைத்தார்கள். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அதை இன்னும் செம்மையாக்கினார்கள்.

என்ன விடை? கொல்லாஜன் மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு! தேர்வடத்தைப் பார்த்தவர்க்குப் புரியும்; தனி இழை அறும், முறுக்கிய வடம் தேரை இழுக்கும். ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது மணி தோறும் கிளைசின். ஏனெனில் கயிற்றின் நடுவே இருக்கும் குறுகலான இடத்தில், மணிகளிலேயே மிகச் சிறியதான அதற்குத்தான் இடமுண்டு. 1963-இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் வரைந்த படம், ஒரு புரத இழை எந்தெந்தக் கோணத்தில் மடங்க முடியும், எதில் முடியாது என்பதைக் காட்டிற்று. உலகின் எந்த மூலையில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், அது சரியா என்று இன்றும் 'இராமச்சந்திரன் வரைபடம்' கொண்டே சோதிக்கிறார்கள். கிண்டியில் வரைந்த படம் அது!

இப்போது கேட்போம். அந்த முப்புரிக் கயிறு செருப்பில் மட்டும்தான் இருக்கிறதா? இல்லை, தோழர்களே! நம் உடலின் புரதத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை கொல்லாஜனே. தோலில் அது, எலும்பில் அது, தசைநாணில் அது, குருதிக் குழாயின் சுவரில் அது. வேதம் ஓதும் நாவின் கீழும் அது. பறை அடிக்கும் விரலின் உள்ளும் அது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் தொழிலாளி, அந்தக் கயிறுகளைத் துவர்ப்பொருளால் பிணைத்து, அழுகாமல் காக்கிறார். வேதியியல் என்ற பெயர் தெரியாமலே வேதியியல் செய்தவர் அவர். அவரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர் பதனிட்ட செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனவர்களுக்குப் பெயர் தூயவர்!

தோலைக் கொதிக்க வைத்தால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகும். மருந்துக்கடையில் வாங்கும் கூடுமாத்திரைகளில் பெரும்பாலானவற்றின் கூடு, மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு இவற்றிலிருந்து எடுத்த ஜெலட்டின்தான். காய்ச்சல் வந்தால் சைவ வீட்டுக்குள்ளும் அது போகிறது; சமையலறையைத் தாண்டி வயிற்றுக்குள்ளேயே போகிறது. அதற்கு யாரும் பலகை மாட்டவில்லை! மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களில் முழங்கும் மிருதங்கத்தில் பசுவின் தோலும் எருமையின் தோலும் ஆட்டின் தோலும் உண்டு. தாளத்துக்குத் தலையாட்டுவோர், அதைச் செய்தவரை நினைப்பதுண்டா? மிருதங்கம் செய்வோரின் வாழ்வை டி. எம். கிருஷ்ணா நூலாக எழுதினார். 2020-இல் அதன் வெளியீட்டுக்கு முதலில் இடம் தந்த கலாக்ஷேத்ரா பிறகு மறுத்தது. விழா தரமணி இதழியல் கல்லூரியில் நடந்தது. தோலின் ஓசைக்கு மேடை உண்டு. தோலின் கதைக்கு மேடை இல்லை! இதுவா தூய்மை?

"போகட்டும், உடல் ஒன்றாக இருக்கலாம், உள்ளே இயங்கும் உயிர்ச்சக்தி வேறு" என்று ஒரு குரல் எழும். அதையும் பார்த்துவிடுவோம். 1897-இல் எடுவார்ட் பூக்னர் என்ற செருமானியர், ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, உயிருள்ள அணு ஒன்றுகூட இல்லாத சாற்றைப் பிழிந்தார். அந்தச் சாறு சர்க்கரையை நொதிக்கச் செய்தது! மந்திரச்சக்தி அன்று, சாற்றிலிருந்த நொதிகளே வேலை செய்தன என்பது விளங்கிற்று. 1926-இல் அமெரிக்கரான சம்னர், அவரையினத்தைச் சேர்ந்த ஒரு விதையிலிருந்து ஒரு நொதியைப் படிகமாகவே பிரித்தெடுத்து, அது புரதமே என்று காட்டினார்.

உயிரை இயக்கும் ஆற்றலும் அப்படியே. உண்ட உணவை உயிரணு ஒரேயடியாகக் கொளுத்துவதில்லை. நொதிகளின் துணையோடு படிப்படியாக எரித்து, கிடைக்கும் ஆற்றலை ஏ.டி.பி. என்னும் மூலக்கூறில் சேமிக்கிறது. அது உடலின் சில்லறைக் காசு. தசை சுருங்க ஒரு காசு. நரம்பு பேச ஒரு காசு. புரதம் கோக்கச் சில காசு. எந்த நேரத்திலும் உடலில் இருப்பது கால் கிலோவைத் தாண்டாது. ஆனால் செலவழித்து, மீண்டும் அச்சடித்து, ஒரு நாளில் புரளும் அளவோ ஏறத்தாழ நம் உடலின் எடை! 1929-இல் அதைச் செருமனியில் லோமான் கண்டார். அதே ஆண்டில் ஆர்வர்டில் பிஸ்கேயும் எல்லப்பிரகட சுப்பாராவும் தனியே கண்டனர். அந்தச் சுப்பாராவ் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். மயிலையிலிருந்து கூப்பிடு தூரம்தான் திருவல்லிக்கேணி.

அந்தக் காசு பெருமளவில் அச்சாகும் இடம், உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. அது யார் தெரியுமா? நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், வேறோர் உயிரணுவுக்குள் புகுந்து தங்கிவிட்ட பாக்டீரியாவின் வழித்தோன்றல். ஆம்! குடிவந்த விருந்தாளி! "நீ என்ன சாப்பிடுவாய்?" என்று கேட்டு அன்று கதவை அடைத்திருந்தால், இன்று மரமும் இல்லை, மாடும் இல்லை, மனிதனும் இல்லை. இன்னொன்றும் கேளுங்கள். அது நமக்கு வருவது தாய்வழியே. தந்தைவழிக் கோத்திரம் சொல்லித் தலைநிமிர்வோரின் ஒவ்வோர் அசைவுக்கும் அடுப்பு மூட்டுவது, கோத்திரம் கேட்காத தாய்வழிச் சொத்து!

ஒரு மறுப்பு நியாயமானது, அதை மறைக்கமாட்டோம். "என்ன உண்பது என்பது உன் உரிமை என்றால், உண்ணாமலிருப்பது என் உரிமை அல்லவா?" ஆம், உரிமைதான். சைவ உணவு உண்பவரை நாம் பழிக்கவில்லை. அரிசியில் குறையும் லைசினைப் பருப்பு தருகிறது. பருப்பில் குறைவதை அரிசி தருகிறது. உயிர்க்கொலை பொறுக்காத உள்ளமும் உயர்ந்த உள்ளமே. வீட்டை யாருக்கு விடுவது என்று எந்த நொதியும் தீர்ப்புச் சொல்லாது. அது மனிதன் முடிவு செய்ய வேண்டியது. ஆனால், 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது வேறு. 'நீ அசுத்தன்' என்பது வேறு. முன்னது சுவை, பின்னது வருணம். சுவையின் போர்வையில் வருணம் நுழையும்போது, அதைப் பெயர் சொல்லி அழைப்பது நம் கடமை.

தியாகராய நகர் எவர் பெயர் தாங்கி நிற்கிறது? 1920-இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலுணவு தந்த பிட்டி தியாகராயர் பெயர். அன்று தொடங்கிய பந்தியில், 1989-இல் முட்டை வந்து சேர்ந்தது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். உடல் தானே செய்துகொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் அதில் உண்டு. நம் வகுப்பில் பின்வரிசைப் பிள்ளை ஒருவன், முட்டை தரும் நாளில் மட்டும் தட்டை இரு கையாலும் பிடித்துக்கொள்வான். அவன் கையில் இருப்பது தசையாகவும் குருதியாகவும் அறிவாகவும் ஆகப்போகும் மணிகள். அதைத் தீட்டு என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? அவன் நாளை படித்துப் பட்டம் பெற்று, அவர் பெயர் தாங்கிய நகரிலேயே வீடு கேட்டு வருவான். அவனுக்கும் அந்தப் பலகையைத்தான் காட்டுவோமா?

நம்மவரையும் விட்டுவிடலாகாது. ஏ.டி.பி.யைத் தேர்வுத்தாளில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய கையிலேயே மந்திரித்த கயிறு கட்டும் இளைஞன் நம் வரிசையில் இல்லையா? வைதிகத்தை ஏசுவது எளிது. அறிவியலைக் கற்பது கடினம். கடினமானதைச் செய்யாமல் எளிதானதை மட்டும் செய்வது பகுத்தறிவு ஆகாது. இராமச்சந்திரன் வரைபடத்தை விளக்கத் தெரிந்த ஒரு தோழர், நூறு முழக்கங்களுக்குச் சமம்.

கடைசியில் கோட்டூரில் வீடு கிடைத்தது. வீட்டுக்கார அம்மா கேட்டது ஒரே கேள்வி: "வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள வந்துடுமா, தம்பி?" வந்துவிடும் அம்மா என்றோம். சாவியைத் தந்தார். தோல் ஆராய்ச்சி நிலையமும், இராமச்சந்திரன் கொல்லாஜனின் முறுக்கைக் கண்ட கிண்டி வளாகமும் அங்கிருந்து நடை தூரம்தான். மயிலைப் பெரியவர் ஒருநாள் அந்தப் பக்கம் வருவாரானால், அவரை அழைத்துச் சென்று காட்டுவோம். மூன்று இழை முறுக்கிய அந்தக் கயிறு அவர் கையிலும் உண்டு, நம் கையிலும் உண்டு. அதில் தீட்டு எந்த இழையில் இருக்கிறது என்று அவரே காட்டட்டும்!