‘ஒண்ணா’ என்று சொல்ல ஓர் இடம்

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் ஒரு சனிக்கிழமை காலை சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்துப் பாருங்கள். மனிதர்கள் எத்தனை விதமாக மறுப்பார்கள் என்று தெரியும். சிலர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். சிலர் “நாங்க சைவம் தம்பி” என்று சிரிப்பார்கள். காத்தான்குடி பஸ்ஸுக்கு நின்ற ஒரு முஸ்லிம் காக்கா மரியாதையாக வாங்கி, முழுவதையும் வாசித்து, மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தார். கச்சான் விற்பவர் மட்டும் ஒருநாளும் மறுத்ததில்லை. இரண்டு மூன்று கூடுதலாகவே கேட்பார். கச்சான் சுற்றிக் கொடுக்கக் கடதாசி தேவை என்பது எனக்குப் புரிய ஒரு மாதம் எடுத்தது. அதன்பிறகும் கொடுத்தேன். கச்சான் தின்று முடித்தவர் யாராவது வாசிக்க மாட்டாரா என்ற நப்பாசைதான்.

பதினேழு வயதில் தொடங்கினேன். என் முதல் தெருப்பிரசங்கம் வாவிக்கரையில், வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலையிலிருந்து கொஞ்சம் தள்ளி நடந்தது. மூன்று நிமிடம் பேசினேன். கேட்டவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் எங்கள் சபைக்காரர். ஓல்ட் 1814இல் இங்கே வந்த மெதடிஸ்த மிஷனரி. ஒரு வருடம்கூட இருக்கவில்லை, 1815 ஏப்ரலில் இறந்துபோனார். அவர் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்று இன்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. அவர் தொடங்கிய பள்ளிக்கூடத்தை, இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியை, எல்லோருக்கும் தெரியும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளே கல்முனையில் மெதடிஸ்தப் பள்ளியிலும் இங்கே புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர்தான். வேதக்காரரிடம் படித்தார், பிறகு சைவப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். யாழ்ப்பாணத்தில் அவருக்கு முன்பே ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு பைபிளைத் தமிழாக்க உழைத்தவர்; அவரே 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தை ஆரம்பித்தார். கேட்டு, எடுத்துக்கொண்டு, ‘வேண்டாம்’ என்றும் சொல்லத் தெரிந்த சமூகம் இது. தெருவில் ஒரு பொடியன் மைக் பிடித்தால் சைவம் அழிந்துவிடும் என்று பதறுபவர்களுக்கு நம்முடைய ஆட்களைப் பற்றி இவ்வளவு தாழ்வான எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்குவதில்லை.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தபிறகு படுவான்கரைக்குப் போவது சுலபமாயிற்று. அதற்கு முன் துறையில் பாதைப்படகு வரும்வரை காத்திருக்க வேண்டும். நானும் ஒரு நண்பனும் சைக்கிளில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனோம். மதிய வெயில். ஓர் ஆச்சி திண்ணையில் இருத்தி தேசிக்காய்த் தண்ணி கரைத்துத் தந்தார். நான் மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன். முடியும்வரை கேட்டார்.

“நல்லாச் சொல்றாய் மனே. வைகாசியில எங்கட கண்ணகை அம்மனுக்குச் சடங்கு. குளிர்த்திக்கு வருவியா?”

“ஒண்ணா ஆச்சி” என்றேன், யோசிக்காமல்.

“பாத்தியா, உனக்கும் ஒண்ணா, எனக்கும் ஒண்ணா” என்று சிரித்தார். எங்கள் போத்தலில் தண்ணீரும் நிரப்பித் தந்தார்.

வேண்டாம் என்பதற்கும் மாட்டேன் என்பதற்கும் எங்கள் பக்கத்துச் சொல் அது, ஒண்ணா. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மதமாற்றம் பற்றி நம் நாட்டில் நடக்கும் சண்டை முழுவதும் பேசுகிறவனைச் சுற்றியே நடக்கிறது. அவனைப் பேச விடலாமா, விடக்கூடாதா என்பதுதான் வாதம். கேட்கிறவர் ‘ஒண்ணா’ என்று சொல்லக்கூடிய இடத்தில் இருக்கிறாரா என்பதை அந்தப் பக்கமும் கேட்பதில்லை, எங்கள் பக்கமும் கேட்பதில்லை.

அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தைத் தழுவும் சுதந்திரத்தைத் தருகிறது. ஆனால் மதத்தைப் பரப்பும் உரிமை அதற்குள் வராது என்று 2003இல் கத்தோலிக்க அருட்சகோதரிகளின் சபை ஒன்றைக் கூட்டிணைக்க வந்த சட்டமூலத்தைப் பற்றி உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே ஜாதிக ஹெல உறுமய கட்சி கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. மாறியவர் பிரதேச செயலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பதுபோன்ற பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் கூறியது. அது சட்டமாகவில்லை. நீதிமன்றம் அப்படிச் சொன்னது 2004 ஆகஸ்டில். டிசம்பரில் சுனாமியாகக் கடல் வந்தது.

அப்போது எனக்கு ஆறு வயது. எங்கள் வீடு நாவலடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்தது. அம்மம்மாவையும் சின்ன மாமாவையும் அன்று இழந்தோம். பாடசாலையில் கொஞ்சக் காலம், பிறகு திராய்மடுவில் தகரக் கொட்டில். அடுத்த ஆண்டு அப்பா ஞானஸ்நானம் எடுத்தார், பின்னால் அம்மாவும் நாங்களும். ஆகவே நான் பிறவி வேதக்காரன் இல்லை. ஊரில் சிலர் சொல்வதுபோல ‘தகரத்துக்கு மாறின குடும்பம்’.

அந்த வார்த்தையை முதன்முதலாக என் முகத்துக்கு நேரே கேட்டது ஊழியத்துக்குப் போன ஒரு தெருவில்தான். ஒரு பெரியவர் கைப்பிரதியை வாங்காமல், “கொப்பன் தகரத்துக்குத்தானே மாறினவர்” என்றார். இரவு அப்பாவிடம் கேட்டேன். அவர் வலை பொத்திக்கொண்டிருந்தார்.

“தகரம் எத்தனையோ பேர் தந்தாங்க. போட்டோ எடுத்திட்டுப் போனாங்க. பாஸ்டர் மட்டும்தான் வந்து பக்கத்தில இருந்தவர். நான் அழுது முடியும்வரைக்கும் இருந்தவர்.”

“சேர்ச்சுக்கு வரமாட்டன் என்டு சொல்லியிருந்தா தகரம் வந்திருக்குமா?”

ஊசியை நிறுத்தினார். “வந்திருக்கும். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல. ஆனா அப்ப எனக்கு அது தெரியாதே.”

என் அப்பாவின் விசுவாசம் உண்மையானது. இருபது வருடமாகப் பார்க்கிறேன். பாஸ்டரும் எதையும் பண்டமாற்றாகக் கேட்கவில்லை. என்றாலும் தகரத்தையும் ஜெபத்தையும் ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே கையால் கொண்டுவந்தபோது, கொட்டிலில் இருந்த மனிதனுக்கு ‘ஒண்ணா’ என்பது வாயில் வராத சொல்லாகிவிட்டது. அப்பாவை எண்ணி எனக்கு வருத்தம் ஒன்றுதான். அவர் முழுச் சுதந்திரத்தோடு எடுத்திருக்கக்கூடிய ஒரு முடிவை, ஊர் இன்றைக்கும் தகரத்தால் அளக்கிறது. அதற்கு இடம் கொடுத்தது நாங்கள்தான்.

இனி கிறிஸ்தவ இளையோர் கேம்ப். எனக்கு இதை எழுதக் கை கூசுகிறது, ஏனென்றால் என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் பாதி அங்கேதான் கழிந்தது. மூன்று இரவு, கடற்கரையோரம். காலை ஐந்து மணிக்கு மணி அடித்து எழுப்புவார்கள், மணலில் தனித்தனியாக இருந்து வேதம் வாசிக்க வேண்டும். பாதிப்பேர் வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்குவோம். பிறகு இடியப்பமும் சொதியும். பகல் முழுக்க வொலிபோல், பாட்டு, போட்டி. திராய்மடுக் கொட்டிலில் வளர்ந்த எனக்கு, என் பெயரைக் கேட்டு நினைவும் வைத்துக்கொண்ட அண்ணாமார் இருந்த முதல் இடம் அது. கிட்டார் பிடிக்கக் கற்றதும் அங்கேதான்.

கடைசி இரவுக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. மூன்று நாள் சரியான தூக்கமில்லை. போன்கள் பொறுப்பாளரிடம். லைட் அணைப்பார்கள், நடுவில் நெருப்பு மட்டும் எரியும். செய்த பாவத்தைத் துண்டில் எழுதி நெருப்பில் போட வேண்டும். கீபோர்ட்டில் ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருப்பார்கள். “இன்று இரவு உன்னை ஒப்புக்கொடுப்பாயா?” ஒருவர் எழும்புவார், அடுத்தவர் எழும்புவார், பிறகு எழும்பாமல் இருப்பதற்குத்தான் தைரியம் வேண்டும். பதினைந்து வயதில் நானும் எழும்பினேன். அழுதேன். அந்த அழுகை பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

இருபது வயதில் நானே கீபோர்ட் பக்கத்தில் நின்றேன். சிநேகிதியோடு வந்த ஒரு சைவப் பிள்ளை அன்று முன்னுக்கு வந்தாள். பதினான்கு வயதுதான். தீர்மான அட்டையில் பெயர் எழுதினாள். மறுநாள் காலை பஸ் ஏறும்போது என்னிடம் கேட்டாள்: “அண்ணா, இத அம்மாட்டச் சொல்ல வேணுமா?”

“இப்ப சொல்லத் தேவையில்ல, ஜெபி” என்றேன்.

எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள் என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் சொன்ன வாய் என்னுடையது. ஒரு பிள்ளையிடம் தாய்க்குத் தெரியாத ரகசியம் ஒன்றைக் கொடுத்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். அதை எந்த மதத்துக்காரன் என் தங்கைக்குச் செய்திருந்தாலும் சும்மா இருந்திருக்க மாட்டேன்.

அடுத்த வருடம் 2019, உயிர்த்த ஞாயிறு. மத்திய வீதியில் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் குண்டுவெடிப்பில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் அந்தச் சபையில்லை; ஆனால் இந்த ஊரில் ஒரு சபையின் பிள்ளைகளை மறு சபைக்குத் தெரியாமல் இருக்காது. பல மாதம் வாசலில் இராணுவம் நிற்க, பையைத் திறந்து காட்டிவிட்டு ஆராதனைக்குப் போனோம். திராய்மடுவில் சைவக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து பேசாமல் இருந்துவிட்டுப் போனார்கள். தகரக்கதை யாரும் எடுக்கவில்லை.

அந்த ஆண்டின் முடிவில் மறுபடி பஸ் நிலையத்துக்குப் போனேன். யாருமே மறுக்கவில்லை. கொடுத்த ஒவ்வொன்றையும் வாங்கினார்கள், சிலர் என் தோளைத் தொட்டார்கள். அரை மணித்தியாலத்தில் கை காலி. எனக்கு அது பிடிக்கவில்லை. இரக்கத்தில் வாங்கினவர் வேறு வழியில்லாமல்தான் வாங்கினார். கச்சான்காரர்கூட அன்று ஒன்றுதான் எடுத்தார்.

எனவே தெருவை எங்களுக்கு விடுங்கள் என்று கேட்கிறேன். தெருவில் மறுப்பவருக்குத்தான் பலம், நடந்து போய்விடலாம். வீட்டில் ஜெபம் வைத்த போதகரைப் பொலிஸுக்கு இழுப்பதும், கட்டடத்துக்கு அனுமதி இல்லை என்று சபையை மூடச் சொல்வதும் யாரையும் பாதுகாக்காது. ஆனால் வெள்ளத்துக்குப் பார்சல் கொண்டுபோகும் கை அன்று கைப்பிரதி கொண்டுபோகக்கூடாது. இதைச் சட்டம் சொல்லும்வரை நாங்கள் காத்திருப்பது வெட்கம்.

இந்த வருடமும் கேம்ப் பொறுப்பை எடுக்கச் சொன்னார்கள். பெற்றோர் கையொப்பமிட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான்கே வரி. எத்தனை நாள், எந்த இடம், இது ஒரு கிறிஸ்தவ முகாம் என்ற மூன்றையும் குழு ஒரு பேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. நான்காவது: “கடைசி இரவில் உங்கள் பிள்ளையிடம் எந்தத் தீர்மானமும் கேட்கப்படமாட்டாது.” மூன்று கூட்டம் முடிந்துவிட்டது, இன்னும் அந்த வரியில்தான் நிற்கிறார்கள்.